ஊதா டார்ச் சன்ஸ்கிரீனைத் தாண்டி அடிக்குது. அப்போ பூசுறது வீணா?

#1 · நிழல்தேடி
வணக்கம். ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, கேட்டுடறேன். கையில ஒரு ஊதா வெளிச்ச டார்ச் இருக்கு, கழுத்துல ஒளியோட அலைநீளம் 395 நானோமீட்டர்னு பொறிச்சிருக்கு. அச்சடிக்கிற வெள்ளைத்தாள் மேல அடிச்சா தாள் நீலமா பளீர்னு ஒளிரும். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற கண்ணாடி வில்லை ஒண்ணு எடுத்து, பாதியில எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு எண்) 50 சன்ஸ்கிரீன் தடவி, மீதியைச் சும்மா விட்டுட்டு, இருட்டறையில தாளுக்கு முன்னாடி பிடிச்சு டார்ச் அடிச்சேன்.

தடவின பக்கம் கறுப்பா நிழல் விழும்னு நினைச்சேன். விழவே இல்ல. இந்தப் பக்கம் எவ்வளவு ஒளிருதோ அந்தப் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு. லேசா மங்கல், அவ்வளவுதான். அப்போ குழாய்க்குள்ள இருக்கிறது வெறும் கிரீம்தானா? ரெண்டு வருஷமா தினமும் பூசிட்டு வரேன்.

#2 · பச்சைமண்
இதைத்தான் நான் எப்பவும் சொல்றேன், யார் கேட்கிறா? ரசாயன சன்ஸ்கிரீன் எல்லாம் கண்துடைப்பு. ஜிங்க் ஆக்சைடு போட்டது மட்டும் வாங்குங்க. அது தோல் மேல கண்ணாடி மாதிரி நின்னு வெயிலைத் திருப்பி அடிச்சுடும். மத்ததெல்லாம் தோலுக்குள்ள உறிஞ்சிச் சூடாக்கும்.

#3 · ஒளிக்கற்றை
நிழல்தேடி, சோதனை செஞ்சு பார்த்ததுக்கே பாராட்டு. முடிவுதான் தப்பு. குற்றவாளி கிரீம் இல்ல, டார்ச்.

புற ஊதாவுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் எல்லை 400 நானோமீட்டர். 320லிருந்து 400 வரை ஏ வகை, 280லிருந்து 320 வரை பி வகை. அதுக்கும் கீழே சி வகை, அதை ஓசோன் படலமே தடுத்துடுது. உங்க டார்ச் 395. அதாவது எல்லையோரக் கடைசி வீடு. சன்ஸ்கிரீன்ல புற ஊதாவைப் பிடிக்கிற பொருள்களை வடிகட்டின்னு சொல்வாங்க. பரவலா புழங்குற வடிகட்டிகள் பலவும் 380க்கு மேல சோர்ந்து போயிடும். வாசல்ல காவல்காரன் நிக்கிறான்னு வச்சுக்குங்க, நீங்க காம்பவுண்டு சுவரோட மூலையில ஏறிக் குதிச்சுட்டு காவலே இல்லைன்னு சொல்றீங்க.

இன்னொண்ணு. எஸ்.பி.எஃப். எண் பெரும்பாலும் பி வகையைப் பத்தினது. தோல் சிவக்க ஏ வகை வேணும்னா பி வகையை விட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேணும். அதனால தோல் சிவப்பதை வச்சு அளக்கிற எண்ல பி வகையோட கைதான் ஓங்கி நிக்கும். சாதாரணக் கண்ணாடி பி வகையைப் பெரும்பாலும் தடுத்துடும். ஆகவே கண்ணாடி வில்லையில பூசி எந்த டார்ச்சை அடிச்சாலும் எஸ்.பி.எஃப். பத்தி ஒண்ணும் தெரியாது. 365 நானோமீட்டர் டார்ச் கிடைச்சா ஏ வகைப் பாதுகாப்பை ஓரளவு பார்க்கலாம்.

கண்ணைப் பார்த்துக்குங்க. அந்த வெளிச்சத்தை நேரா பார்க்காதீங்க.

#4 · சலவைக்கல்
ரெண்டு வருஷமா வீணாப் போச்சுன்னு நினைச்ச கிரீம் ஒரே பதிவுல மீண்டு வந்துடுச்சு. அடுத்து என் சட்டை வழக்கை எடுங்க. காலர் முழுக்க ஆரஞ்சுக் கறை. சன்ஸ்கிரீன் பூச ஆரம்பிச்ச நாளிலிருந்து.

#5 · மத்து
நான் கிரீம் கலக்கிப் பிழைக்கிறவள், பதினோரு வருஷமா. சன்ஸ்கிரீன் மட்டும் ஆறு வருஷம். சட்டை வழக்குக்கு அப்புறம் வரேன். முதல்ல பச்சைமண் சொன்ன ‘உறிஞ்சும் / திருப்பி அடிக்கும்’ கதை. எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் கிளம்புது.

கரிம வடிகட்டி, அதாவது பச்சைமண் ‘ரசாயன’ம் என்றது, ஒவ்வொண்ணும் ஒரு மூலக்கூறு. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட தொடர் இருக்கும். அந்தத் தொடரில் உலவும் எலக்ட்ரான் ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் வந்தால் மேல் படிக்குத் தாவும். அந்தப் படியின் உயரம் புற ஊதா ஒளித்துகளின் ஆற்றலோடு பொருந்திப்போனால் துகள் அங்கேயே காணாமல் போகும். தொடர் நீள நீளப் படியின் உயரம் குறையும், பிடிபடும் அலைநீளம் கூடும். சாலிசிலேட் குடும்பம் சின்னது, 305 பக்கம் பிடிக்கும். அவோபென்சோன் பெரியது, 357 பக்கம் பிடிக்கும்.

தாவிய எலக்ட்ரான் என்ன செய்யும் என்பதில்தான் நல்ல வடிகட்டியா மோசமான வடிகட்டியா என்று தெரியும். நல்லது வந்த ஆற்றலை அதிர்வாக, அதாவது வெப்பமாக, உடனே உதறிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்து அடுத்த துகளுக்குத் தயாராக நிற்கும். ஆக்சிபென்சோனை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவி, ஆற்றலை விட்டுவிட்டுத் திரும்ப வரும். இந்தப் போக்கு வரத்து முழுக்க முடிய ஆகும் நேரத்தை ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் சொல்ல வேண்டும். அதே மூலக்கூறு இதை ஆயிரக்கணக்கான முறை செய்யும்.

மோசமான பிள்ளை அவோபென்சோன். ஏ வகைக்கு அதைவிடப் பரவலாகப் பயன்படுவது வேறில்லை, ஆனால் வளர்ப்பது கஷ்டம். அதற்கு ஈனால், கீட்டோ என்று இரண்டு வடிவம். ஈனாலாக இருக்கும்வரை 357இல் பிடிக்கும். வெயில் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீட்டோவாக மாறும். கீட்டோ 260 பக்கம் பிடிக்கும். அந்த அலைநீளம் தரைக்கு வருவதே இல்லை. சண்டையே நடக்காத எல்லையில் போய்க் காவல் காக்கும் சிப்பாய் அது. போதாக்குறைக்குக் கீட்டோ உடைந்தும் போகும். அவோபென்சோனை ஆக்டினாக்சேட் என்ற பி வகை வடிகட்டியோடு சேர்த்தால் வெயிலில் இரண்டும் ஒன்றோடொன்று வினை புரிந்து இரண்டுமே வீணாகும். அதனால்தான் அவோபென்சோன் இருக்கும் குழாயில் பெரும்பாலும் ஆக்டோகிரிலீனும் இருக்கும். கிளர்ந்து நிற்கும் அவோபென்சோனிடமிருந்து ஆற்றலை வாங்கி அது வெப்பமாக்கிவிடும். துணைக்கு வரும் ஆள், தானும் 303 பக்கம் பி வகையைப் பிடிக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை.

#6 · நிழல்தேடி
நன்றி அக்கா. என் குழாயோட முதுகைப் பார்த்தேன். அவோபென்சோன், ஆக்டோகிரிலீன், அப்புறம் ஹோமோசாலேட், ஆக்டிசாலேட்னு ரெண்டு சாலிசிலேட். நீங்க சொன்ன குடும்பம் மொத்தமும் உள்ளேதான் இருக்கு.

ஒரு சந்தேகம். 290லிருந்து 400 வரை மொத்தமா பிடிக்கிற ஒரே மூலக்கூறு கிடையாதா? எதுக்கு நாலஞ்சு?

#7 · மத்து
அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது பெமோட்ரிசினால். டினோசார்ப் எஸ் என்ற பெயரில் விற்பார்கள். 310இலும் 343இலும் இரண்டு உச்சம், வெயிலில் கலையாது, அவோபென்சோனையும் காப்பாற்றும். பிசாக்ட்ரிசோல் இன்னொன்று. கரையாத கரிமத் துகளாகவே நீரில் மிதக்கும், உறிஞ்சவும் செய்யும், சிதறடிக்கவும் செய்யும், அதன் வால் 400 வரை நீளும். 385 பக்கம் உச்சம் உள்ள மெக்சோரில் 400 வந்த பிறகு நிழல்தேடியின் டார்ச் அடிக்கும் அந்தக் கடைசி மூலைக்கும் ஒரு காவல் கிடைத்தது.

ஆனாலும் ஒன்றை மட்டும் அள்ளிப் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. அவோபென்சோன் அமெரிக்காவில் 3 சதவீதம், ஐரோப்பாவில் 5 சதவீதம். வரம்பு ஒருபுறம் இருக்கட்டும், கரையாது. அந்த வில்லங்கத்தைப் பிறகு சொல்கிறேன்.

#8 · பச்சைமண்
அக்கா, மரியாதையாவே சொல்றேன். எவ்வளவு விளக்கினாலும் இதெல்லாம் உறிஞ்சித்தானே சமாளிக்குது? ஜிங்க் அப்படியில்ல. பூசினா வெள்ளையா தெரியுதே, ஒளியைத் திருப்பி அனுப்புறதாலதானே வெள்ளை?

#9 · ஒளிக்கற்றை
கண்ணுக்குத் தெரியுற ஒளியைத் திருப்பி அனுப்புது, அதனால வெள்ளை. வெள்ளை அவ்வளவுதான் சொல்லும், புற ஊதாவுக்கு அது சாட்சி ஆகாது. புற ஊதா மட்டும் பதிவாகுற கேமராவில் ஜிங்க் பூசின முகத்தைப் பார்த்திருக்கீங்களா? கன்னம் கரி அப்பின மாதிரி கன்னங்கரேல்னு இருக்கும். திருப்பி அனுப்பினா அங்கேயும் வெள்ளையாத்தானே தெரியணும்?

ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் குறைகடத்திகள். எலக்ட்ரான் தாவ வேண்டிய படி, அதாவது ஆற்றல் இடைவெளி, ஜிங்குக்குக் கிட்டத்தட்ட 3.3 எலக்ட்ரான் வோல்ட். அதை விட ஆற்றல் அதிகமான ஒளித்துகளை, அதாவது 375 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை, அது விழுங்கிடும். வேலை அதேதான், மூலக்கூறுக்குப் பதில் படிகம். 2016ல வெளியான ஓர் அளவீட்டில் இந்தத் தாதுக்கள் திருப்பி அனுப்புற புற ஊதா சராசரியா 4லிருந்து 5 சதவீதம்தான்னு காட்டிட்டாங்க. அதை மட்டும் நம்பினா எஸ்.பி.எஃப். 2 கூடத் தேறாது.

சூடு பத்தி: தரைக்கு வர்ற சூரிய ஆற்றல்ல புற ஊதா ஐந்து சதவீதம் அளவுதான். அதைக் கிரீம் உறிஞ்சினாலும் வெப்பம், ஜிங்க் உறிஞ்சினாலும் வெப்பம், ஒண்ணும் பூசாம தோலே உறிஞ்சினாலும் வெப்பம். மீதி 95 சதவீதம் எப்படியும் சுடத்தான் போகுது.

#10 · மாநிறம்
நடுவுல வந்து குறுக்கிடுறேன். எனக்கு ஜிங்க் பிடிக்கும், தோல் எரியாது. ஆனா பூசிட்டு வெளிய போனா சுவருக்கு வெள்ளையடிச்சுட்டு நேரா வந்தவ மாதிரி இருக்கேன். கறுத்த தோலுக்கு இந்த மாதிரி செஞ்சு தரவே மாட்டாங்களா? இல்ல, நிறம் இருக்கிறதால நமக்கு சன்ஸ்கிரீனே வேண்டாம்னு ஒரு கூட்டம் சொல்லுதே, அது உண்மையா?

#11 · மத்து
வெள்ளை விழுவது ஒளிவிலகல் எண்ணால், அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண்ணால். தோலுக்கும் எண்ணெய்க்கும் அது 1.4, 1.5 பக்கம். ஜிங்க் ஆக்சைடுக்கு 2, ரூட்டைல் என்ற படிக வடிவில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7. வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிதறல். துகள் 200 நானோமீட்டர் பக்கம் இருந்தால் சிதறல் உச்சம், சுவர்ப் பூச்சுக்கு அந்த அளவைத்தான் தேடி வாங்குவார்கள். நீங்கள் சொன்ன வெள்ளையடிப்பு வெறும் உவமை இல்லை, அதே சரக்கு. துகளை 50 நானோமீட்டருக்குக் கீழே அரைத்தால் வெள்ளை மறையும். ஆனால் டைட்டானியத்தை மிகச் சின்னதாக்கினால் ஏ வகையில் அதன் பிடி நழுவும், பி வகைக் காவலாகவே நின்றுவிடும்.

சின்னத் துகளுக்கு இன்னொரு தொல்லை, ஒட்டிக்கொள்ளும். நன்றாகப் பிரித்துவிட்ட துகள் எண்ணெயில் ஓட ஆரம்பித்ததும் ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டியாகும். கட்டியானால் வெள்ளையும் கூடும், பாதுகாப்பும் குறையும், இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால் துகளுக்குச் சட்டை போட்டு வாங்குவோம்: சிலிக்கா, அலுமினா, டைமெத்திகோன், ஸ்டியரிக் அமிலம். சட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒளியை விழுங்கிய படிகம் பக்கத்தில் இருக்கும் நீரையும் ஆக்சிஜனையும் சீண்டித் ஃப்ரீ ரேடிக்கல் என்ற தொல்லை பிடித்த, எதோடும் வினை புரியும் துணுக்குகளை உண்டாக்கும். டைட்டானியத்தில் அனட்டேஸ் வடிவம் இதில் மோசம், ரூட்டைல் பரவாயில்லை. பூச்சு போட்டால் அது அடங்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, மெலனின் கொஞ்சம் காக்கும், போதுமான அளவு இல்லை. அதைவிட முக்கியமானது, கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருந்திட்டுகளைத் தூண்டும். வெளிறிய தோலில் அப்படி நடப்பது குறைவு. வெள்ளைச் சன்ஸ்கிரீன் எதுவும் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து நிறமூட்டியது தடுக்கும். மங்கு உள்ளவர்கள் எஸ்.பி.எஃப். எண்ணைத் துரத்துவதைவிட நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குவது நல்லது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்று இரும்பு ஆக்சைடையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதில்தான் எல்லாச் சோம்பேறித்தனமும் இருக்கிறது. நாலு வெளிர் நிறம் செய்துவிட்டு, ‘எல்லாத் தோலுக்கும்’ என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். எனக்கும் கோபம்தான்.

#12 · சலவைக்கல்
இரும்புன்னு சொன்னதும் என் சட்டை ஞாபகம் வருது.

#13 · மத்து
உங்கள் சட்டைக் கறையும் இரும்பால்தான்! அவோபென்சோன் இரும்போடு சேர்ந்தால் ஆரஞ்சு நிறக் கூட்டுப்பொருள் ஆகும். துவைக்கும் தண்ணீரில் இரும்பு இருந்தால், பூசும்போது தெரியாத கறை துவைத்த பிறகு தெரியும். குளோரின் பிளீச் போடாதீர்கள், இன்னும் மோசமாகும். துருக்கறை எடுக்கும் அமிலப்பொடி, சிட்ரிக் அமிலமானாலும் சரி, வேலை செய்யும். இனிமேல் காலர் சட்டை போடும் நாளில் அவோபென்சோன் இல்லாததாகப் பாருங்கள்.

#14 · சலவைக்கல்
மூணு மாசமா சோப்புக் கம்பெனியைத் திட்டிட்டு இருந்தேன். மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டேன்.

#15 · நிழல்தேடி
எஸ்.பி.எஃப். 30க்கும் 50க்கும் ஒரே ஒரு சதவீதம்தான் வித்தியாசம், 97, 98, எதுக்கு அதிகம் போகணும்னு எல்லா இடத்திலயும் எழுதியிருக்கே. அப்புறம், பூசாம பத்து நிமிஷத்தில சிவக்கிற தோல் 30 பூசினா முந்நூறு நிமிஷம் தாங்கும்னும் சொல்றாங்க. சரியா?

#16 · ஒளிக்கற்றை
முதலாவது கணக்குல சரி, பொருள்ல தப்பு. தடுத்ததைப் பார்க்காதீங்க, உள்ளே போனதைப் பாருங்க. தோலுக்கு வலிக்கிறது அதுதான். 30ல நூத்துக்கு 3.3 உள்ளே போகுது, 50ல 2. ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு. ஓட்டுல முன்ன பத்து சொட்டு ஒழுகுனது இப்ப ஆறு சொட்டு. ‘மழையில 98 சதவீதம் தடுத்துட்டோம்’னு வீட்டுக்காரர் சொன்னா நனைஞ்ச பாய் உலரவா போகுது?

ரெண்டாவது முழுத் தப்பு. எஸ்.பி.எஃப். கடிகாரம் இல்ல, விகிதம். காலையில ஒரு மணி நேரத்துல விழுறதும் உச்சியில விழுறதும் ஒண்ணா? அதுக்குள்ள வியர்வை, துடைக்கிறது, உரசல்னு படலமும் தேஞ்சுடும்.

#17 · மத்து
ஒளிக்கற்றை சார் ‘படலம்’ என்று சொல்லிவிட்டார். இத்தனை நாள் இந்தத் தொழிலில் நான் கற்றது அந்த ஒரு சொல்தான். வடிகட்டிப் பட்டியலைப் பார்த்தே எல்லோரும் சண்டை போடுகிறார்கள். படலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். ஆய்வகத்தில் பூசும் அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். தடிமனாகச் சொன்னால் 20 மைக்ரான், தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதில் 3 சதவீதம் அவோபென்சோன். ஒரு சதவீதக் கரைசல் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் எவ்வளவு உறிஞ்சும் என்று ஓர் எண் உண்டு, அவோபென்சோனுக்கு அது உச்சத்தில் சுமார் 1,100. பெருக்குங்கள்: 1,100 × 3 × 0.002, விடை 6.6. இது மடக்கைக் கணக்கு. அதாவது 357இல் வரும் ஒளியில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்குதான் தாண்டும்.

நம்ப முடிகிறதா? அதே குழாயை மனிதத் தோலில் அளந்தால் ஏ வகைப் பாதுகாப்பு பத்தோ பதினைந்தோ வரும். நாற்பது லட்சம் எங்கே, பதினைந்து எங்கே? வெயிலில் கலைந்ததும், உச்சத்துக்கு அப்பால் மூலக்கூறின் பிடி தளர்வதும் கொஞ்சம். மீதி முழுக்கப் படலத்தின் மேடு பள்ளம்.

தோல் சமதளம் இல்லை. வரப்பும் வாய்க்காலுமாகப் பத்துப் பதினைந்து மைக்ரான் கணக்கில் ஏறி இறங்கும் நிலம். இருபது மைக்ரான் கிரீமைத் தடவியதும் அது வாய்க்காலில் போய்த் தேங்கும், வரப்பு மொட்டையாக நிற்கும். பிறகு கிரீமில் இருக்கும் நீர் ஆவியாகி மீதிப் படலம் இன்னும் மெலியும். தோலில் 98 சதவீத இடத்தில் சுவர் போலப் படலம் இருந்து ஒரு துளி ஒளியும் நுழையவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 2 சதவீத இடம் வெறுமையாக இருந்தால் அந்த ஓட்டை வழியே 2 சதவீதம் உள்ளே வரும். எஸ்.பி.எஃப். 50க்கு மேல் போகவே முடியாது. பத்தில் ஒரு பங்கு இடம் விட்டுப்போனால் 10தான் உச்சம். சுவர் எவ்வளவு உயரம் என்பது பொருட்டே இல்லை.

அதனால் எங்கள் மண்டை காய்வது இந்த ஓட்டைகளை எப்படிச் சின்னதாக்குவது என்பதில்தான். படலம் உருவாக்கும் பாலிமர் போடுவோம். உலரும்போது அது வரப்பின் மீதும் பிடித்து நிற்கும், நீரிலும் கழன்று போகாது. எண்ணெய்ப் பகுதி வாய்க்காலுக்கு ஓடிவிடாதபடி கெட்டிப்படுத்துவோம். உள்ளே வெற்றிடம் உள்ள நுண்ணிய பாலிமர் உருண்டைகளைக் கலப்போம். அவை தாமாக எதையும் உறிஞ்சாது, ஒளியை அங்கும் இங்கும் சிதறடித்துப் படலத்துக்குள் அதன் பாதையை நீட்டும். பாதை நீண்டால் வடிகட்டி மூலக்கூறில் மோத இன்னும் வாய்ப்பு. நீர்ப்பகுதியில் என்சுலிசோல் போன்ற நீரில் கரையும் வடிகட்டியும் எண்ணெயில் மற்றவையும் என்று பிரித்துப் போட்டால், உலர்ந்தபின் இரண்டு பகுதியும் ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பும். இதனால் அதே அளவு வடிகட்டிக்கு எண் ஏறும்.

கரையாத வில்லங்கம் என்றேனே. அவோபென்சோன், பெமோட்ரிசினால், எத்தில்ஹெக்சில் டிரையசோன் எல்லாம் தூள். படிகமாக இருக்கும்வரை பயனில்லை, எண்ணெயில் முழுக்கக் கரைந்தால்தான் வடிகட்டி. 80 டிகிரி சூட்டில் எல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி நிற்கும், பார்த்தால் பெருமையாக இருக்கும். ஆறியதும் மெதுவாக வெளியே வரும். என் மூன்றாவது வருஷத்தில் டிரையசோனைக் கொஞ்சம் ஆசைப்பட்டு அதிகம் போட்டேன். முதல் வாரம் எண் அபாரம். மூன்றாம் மாதம் குழாயைத் திறந்து புறங்கையில் தடவினால் நைசான ரவை போல நெருடுகிறது. முனைவாக்கிய ஒளியில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன், கறுப்புப் பின்னணியில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஊசிப் படிகங்கள். பார்க்க அழகு. நாற்பது கிலோ தொகுதி, அப்படியே போனது. அதன் பிறகு எந்த வடிகட்டியும் சேர்க்கும் முன் அது எந்த எஸ்டரில், அதாவது எந்த எண்ணெய் வகைக் கரைப்பானில், எத்தனை சதவீதம் குளிரிலும் கரைந்தே நிற்கும் என்று ஒரு மாதம் குளிர்பெட்டியில் வைத்துப் பார்க்காமல் நான் அடுப்பு பற்ற வைப்பதில்லை. என்சுலிசோல் வேறு விதமான வில்லி. காரம் சேர்த்து நடுநிலைப்படுத்தினால்தான் நீரில் கரையும். பக்கத்தில் யாராவது அமிலத்தன்மையைக் கூட்டிவிட்டால் ஊசியாக வெளியே வந்துவிடும்.

உங்கள் பங்குக்கு ஒன்றே ஒன்று, குறைத்துப் பூசாதீர்கள். பெரும்பாலோர் பூசுவது 2 மில்லிகிராமுக்குப் பாதியோ அதற்கும் குறைவோ. பாதி பூசினால் 50 என்பது 25 ஆகும் என்று நினைப்பது ஆசை. மேடு பள்ளம் இல்லாத படலமாக இருந்தால் வர்க்கமூலம்தான் மிஞ்சும், ஏழு. உண்மையில் ஏழுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் எங்கோ வரும்.

#18 · பச்சைமண்
சரி, திருப்பி அடிக்கலைன்னு ஒத்துக்கிறேன். ஆனா ரத்தத்துல கலக்குதே? அது பொய்யில்லையே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எஃப்.டி.ஏ., ஜிங்கையும் டைட்டானியத்தையும் மட்டும்தானே பாதுகாப்புன்னு சொல்லியிருக்கு? அதான் நான் ஜிங்க் தூள் வாங்கி எண்ணெய்ல குழைச்சு நானே செஞ்சுக்கிறேன்.

#19 · மத்து
முதல் பாதியில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2019இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 24 பேர், நான்கு விதச் சன்ஸ்கிரீன், உடம்பில் முக்கால் பங்கில் நாளுக்கு நாலு முறை, நாலு நாள். அவோபென்சோன், ஆக்சிபென்சோன், ஆக்டோகிரிலீன், எகாம்சூல் நான்கும் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டின. அந்த வரம்பு எதற்கு? அதைத் தாண்டினால் நச்சியல் ஆய்வு செய்து காட்ட வேண்டும் என்பதற்கு. தாண்டினால் நஞ்சு என்று பொருளில்லை. அதே 2019இல் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவில் ஜிங்க், டைட்டானியம் இரண்டுக்கும் போதிய தரவு இருக்கிறது, மற்ற பன்னிரண்டு வடிகட்டிகளுக்கு இன்னும் தரவு வேண்டும் என்று இருந்தது. தரவு கேட்பதும் தடை செய்வதும் ஒன்றல்ல. பவளப்பாறை காரணமாக ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் விற்பனையை 2021 முதல் ஹவாய் நிறுத்தியது, அது தனிக்கதை. உங்களுக்கு உறுத்தினால் தாதுச் சன்ஸ்கிரீனே பூசுங்கள், நல்ல தேர்வுதான், சண்டையில்லை.

இரண்டாம் பாதியைக் கேட்டதும் வயிறு கலங்கியது. தூளை எண்ணெயில் குழைத்தால் என்ன ஆகும் என்று மாநிறத்துக்குச் சொன்னேனே, கட்டியாகும். கையால் எவ்வளவு குழைத்தாலும் அந்தக் கட்டி உடையாது, நாங்கள் உருளை ஆலையில் அரைத்தே திணறுகிறோம். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். புற ஊதாவுக்கு அது கல் கல்லாகக் கிடக்கும் மணல், நடுவெல்லாம் சந்து. எண்ணெய் வேறு வாய்க்காலில் இறங்கிவிடும். 20 சதவீதம் ஜிங்க் போட்டேன் என்பது எஸ்.பி.எஃப். ஆகாது. வெள்ளை தெரிகிறது என்ற தைரியத்தில் உச்சி வெயிலில் நின்றுவிடுவீர்களே, அதுதான் பயம்.

#20 · மாநிறம்
பச்சைமண், நானும் ஒரு தடவை குழைச்சுப் பார்த்தேன். தோள்பட்டையில விரல் தடம் அப்படியே சிவந்து நின்னுச்சு, நாலு நாள். அக்கா சொன்ன சந்து எதுன்னு இப்பத்தான் புரியுது.

#21 · பச்சைமண்
இந்த வாரமே அந்த டப்பாவை ஓரங்கட்டிடறேன். அக்காவுக்கு நன்றி. ஜிங்க் கட்சியை மட்டும் விட மாட்டேன்.

ஏ வகைக்கு அட்டையில எதைப் பார்க்கணும்?

#22 · ஒளிக்கற்றை
ஐரோப்பியக் குழாயில வட்டத்துக்குள்ள ‘யு.வி.ஏ.’ன்னு எழுத்து இருந்தா, ஏ வகைப் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். எண்ணுல மூணுல ஒரு பங்காவது இருக்கும். ஜப்பானிய முறையில பி.ஏ. கூட்டல்குறி: 1996ல மூணு வரைக்கும் இருந்துச்சு, 2013லிருந்து நாலு. நாலு கூட்டல்னா ஏ வகைப் பாதுகாப்பு எண் 16 அல்லது அதுக்கு மேல. ‘நீர் புகாதது’ங்கிற சொல்லை அமெரிக்காவில 2011 விதிகள் எடுத்துடுச்சு, 40 நிமிஷம் அல்லது 80 நிமிஷம் நீர் தாங்கும்னுதான் போடலாம்.

நிழல்தேடி, 365 டார்ச் வாங்கினீங்களா? வாங்கினா வடிகட்டி இல்லாத மாய்ஸ்சரைசரை இன்னொரு வில்லையில பூசி ஒப்பிடுங்க. ஒப்பிட ஒண்ணு இல்லாம சோதனையே கிடையாது.

#23 · மத்து
கண்ணாடி ரொம்ப வழவழப்பு, அது உங்களை ஏமாற்றும். துளைத்துளையாக மேடு பள்ளமுள்ள ஒளி ஊடுருவும் மருத்துவ நாடா கிடைக்கும், அதை ஒரு வில்லையில் ஒட்டி அதன் மேலும் பூசுங்கள். ஒரு காலத்தில் ஆய்வகங்களிலேயே தோலுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வில்லை 25 × 75 மில்லிமீட்டர் என்றால் 37 மில்லிகிராம் எடை போட வேண்டும். கால் மணி நேரம் உலரட்டும்.

#24 · நிழல்தேடி
செஞ்சாச்சு. ஒன்பது நாள் ஆச்சு பதில் போட, மில்லிகிராம் தராசு இரவல் கிடைக்கத் தாமதம். டார்ச் 365, முகப்புல கறுப்புக் கண்ணாடி போட்டது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்.

ஒண்ணாவது வில்லை, மாய்ஸ்சரைசர்: தாள் நல்லா ஒளிருது. வெறும் கண்ணாடிக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல.

ரெண்டாவது, சன்ஸ்கிரீன் 37 மில்லிகிராம்: தாள்ல செவ்வகமா கறுப்பு நிழல். கத்தரிச்சு வச்ச மாதிரி. அதே கிரீம்தான், 395 டார்ச்சை மாத்தி அடிச்சா நிழல் காணாம போகுது.

மூணாவது, 12 மில்லிகிராம். நான் தினமும் பூசுற அளவு எவ்வளவுன்னு விரல்ல எடுத்து எடை போட்டுக் கணக்குப் பார்த்தேன், அதுக்கு இதுதான் வந்துச்சு. தூரத்துல நிழல் மாதிரிதான் தெரியுது. கிட்டப் போய்ப் பார்த்தா விரல் இழுத்த திசையில நீளக் கோடு கோடா வெளிச்சம். ஒரு ஓரத்துல கட்டைவிரல் ரேகை அப்படியே நீலமா ஒளிருது.

நாலாவது, மருத்துவ நாடா, அதுலயும் 37க்குச் சமமான அளவு: நிழல் இருக்கு, ஆனா நாடாவோட ஒவ்வொரு மேட்டு விளிம்பிலயும் ஊசி முனை மாதிரி வெளிச்சப் புள்ளி. எண்ணிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன், ஒரு சதுர சென்டிமீட்டருக்கே கண்ணு பூத்துடுச்சு. ரெண்டாவது தடவை மேல பூசினதும் பாதிக்கு மேல அணைஞ்சுடுச்சு.

இப்போ முகத்துக்கு ரெண்டு சுற்று பூசறேன், முதல் சுற்று உலர்ந்த பிறகு ரெண்டாவது. குழாய் மூணு மாசம் வரும், இப்ப ஒரே மாசத்தில காலி.

#25 · சலவைக்கல்
ரெண்டு சுற்றா? காலர் ஜாக்கிரதை தம்பி.